பழைய லாரிக்கு சைலன்சர் லைன்: கடையில் வாங்குவதா, பட்டறையில் செய்வதா?

டாடா 1613 லாரி, பி.எஸ். 2 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி காலத்து வண்டி. ஓனர்தான் டிரைவர். தூத்துக்குடியில் உப்பு ஏற்றி மேற்கே கொண்டுவந்து இறக்குகிறவர். போன மாதம் சங்ககிரியில் எங்கள் பட்டறைக்குள் வண்டி திரும்பும்போதே, எங்கோ வாய் பிளந்திருக்கிறது என்று சத்தம் சொல்லிவிட்டது. அடியில் படுத்துப் பார்த்தேன். சைலன்சருக்கு முன்னால் வரும் பெண்டில், அதாவது பைப் வளைவில், ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே போனது. சைலன்சரின் அடிமடிப்பு ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருந்தது. வால் பைப்பைக் கட்டுக்கம்பி தாங்கிக்கொண்டிருந்தது.

“தம்பி, இருக்கறதுலயே ஒசத்தியான எஸ்.எஸ். பைப்பாப் போட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வெல்டு அடிச்சுடு. வண்டிய விக்கற வரைக்கும் இதுல மறுபடியும் கை வைக்கக் கூடாது” என்றார். எஸ்.எஸ். என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

“விக்கறது எப்பங்கண்ணா?”

“இன்னும் மூணு வருசம் ஓட்டுவேன். மீறிப்போனா நாலு.”

மாதத்துக்கு இரண்டு பேராவது இதே வார்த்தையோடு வருகிறார்கள். காசு செலவழிக்கத் தயாராகத்தான் வருகிறார்கள். செலவு போகிற இடம்தான் தப்பாக இருக்கிறது. எந்த இரும்பு என்று கேட்பதற்கு முன்னால் எந்தத் துண்டு என்று கேட்க வேண்டும். இன்ஜினை ஒட்டி இருக்கிற டர்போவிலிருந்து வால் பைப் வரை புகை போகிற லைன் ஒரே பைப் மாதிரி தெரிந்தாலும், அதில் நாலு துண்டுக்கு நாலு வேலை. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது.

முதலில் ஒரு எச்சரிக்கை. நான் சொல்வதெல்லாம் பி.எஸ். 2, பி.எஸ். 3 காலத்து வண்டிகளுக்கு. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ். 4 வந்தது, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6. அந்த வண்டிகளில் சைலன்சர் மாதிரி தெரிகிற டப்பாவுக்குள் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிஸ்ட் இருக்கலாம். யூரியா தெளிக்கிற நாசில், சென்சார் எல்லாம் லைனிலேயே உட்கார்ந்திருக்கலாம். அதை வெட்டி ஒட்டுகிற வேலையை நான் எடுப்பதில்லை.

வாங்கியே தீர வேண்டிய இரண்டு துண்டுகள்

டர்போ அவுட்லெட்டிலிருந்து எக்ஸாஸ்ட் பிரேக் வால்வு வரைக்கும் இருப்பது முதல் துண்டு. எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் இந்தத் துண்டை நான் பட்டறையில் செய்து கொடுப்பதே இல்லை. டிரைவர் பிரேக்கைப் போட்டதும் வால்வுக்குள் இருக்கும் தட்டு மூடிக்கொள்கிறது. வெளியே போக வேண்டிய காற்று உள்ளேயே அடைபட்டு இன்ஜினைத் தடுக்கிறது. அந்த நேரத்தில் இந்தத் துண்டுக்குள் 3, 4 பார் வரை அழுத்தம் ஏறும். அதோடு சூடும் சேர்கிறது. லோடோடு மேடு ஏறும்போது டர்போ பக்கம் 500 டிகிரியைத் தாண்டும். இங்கே வெல்டு விட்டுக் காற்று கசிந்தால் பிரேக் பிடிப்பது குறையும். தொப்பூர் கணவாயில் இறங்குகிற டிரைவருக்கு அது என்ன அர்த்தம் என்று இந்த ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரிஜினலே வாங்குங்கள். கிடைக்கவில்லையா, அதே மாடல் வண்டியில் கழற்றிய நல்ல துண்டை உடைப்புக் கடையில் தேடுங்கள். கேஸ்கெட்டும் ஸ்டட் நட்டும் மட்டும் புதிதாக இருக்கட்டும்.

இரண்டாவது சைலன்சர் டப்பா. இதையும் பட்டறையில் செய்ய வேண்டாம் என்பதுதான் என் கருத்து, எனக்கு வர வேண்டிய கூலி போனாலும். நல்ல சைலன்சரை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஓட்டை போட்ட குழாய்கள், இடையிடையே தடுப்புத் தகடுகள், தனித்தனி அறைகள் இருக்கும். இன்ன அதிர்வை இன்ன அறை தின்னும் என்று கணக்குப் போட்டுச் செய்தவை. தகட்டை உருட்டி இரண்டு பக்கமும் மூடி வைத்து நாங்கள் செய்து கொடுப்பது வெறும் டிரம்தான். சத்தம் குறையாது, குரல்தான் மாறும். 8 வருடம் தாண்டிய லாரிக்கு வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் சத்தம், புகைக் குற்றத்துக்கான அபராதம் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை போகிறது. மூவாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் அதைச் சந்திக்க வேண்டாம்.

சைலன்சரில் வண்டிக் கம்பெனி சாமானா, வெளியார் செய்து விற்கிற மார்க்கெட் சாமானா என்பது வேறு கேள்வி. இங்கே மார்க்கெட் சாமானுக்கு நான் எதிரி அல்ல. வாங்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தூக்கிப் பாருங்கள். எடை நன்றாகக் குறைந்தால் உள்ளே ஏதோ இல்லை என்று அர்த்தம். குலுக்கிப் பாருங்கள், கலகலவென்று ஒலித்தால் தடுப்புத் தகடு இப்போதே ஆடுகிறது. அடிமடிப்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், ஒரே சீராகப் போக வேண்டும். இந்த மூன்றிலும் தேறினால் மார்க்கெட் சாமான் போதும்.

செய்துகொள்ள வேண்டிய துண்டுகள்

மிச்சம் இருப்பவை நடு பைப்பும் வால் பைப்பும். இவற்றுக்கும் 1613 மாதிரி நிறைய ஓடுகிற மாடலுக்கு வளைத்த பைப் கடையில் கிடைக்கத்தான் செய்கிறது. வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடி இருந்தால் வாங்கி மாட்டிவிட்டுப் போகலாம், செய்வதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் இருபது வருடம் ஓடிய வண்டியில் எது வந்தபடி இருக்கிறது? கூடுதலாக ஒரு டீசல் டேங்க், இடம் மாறிய ஏர் டேங்க், பாடி கட்டும்போது சேர்த்த டூல் பாக்ஸ். கடை பெண்டு வந்து ஏர் டேங்கில் இடிக்கும். அதை ஜாக்கி வைத்து இழுத்து, கிளாம்ப் போட்டு நெரித்து உட்கார வைத்தால், முதல் நாளிலிருந்தே பைப் முறுக்கத்தில் இருக்கும். முறுக்கத்தில் இருக்கிற பைப் எந்த இரும்பானாலும் விரிசல் விடும். இந்த மாதிரி வண்டிக்குத்தான் பட்டறை வேலை.

எந்த இரும்பு? எம்.எஸ். என்கிற சாதா இரும்பு, 409 எஸ்.எஸ்., 304 எஸ்.எஸ். என்று மூன்று வழி. நான்காவதாக, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பைச் சொல்கிறவர்களும் உண்டு, துரு பிடிக்காதே என்று. வேண்டவே வேண்டாம். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு ஆவியாகி எரியும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்த வெல்டருக்கு அன்று ராத்திரியே குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சு போன இடத்தில் துருவும் வரும்.

எஸ்.எஸ். என்றதும் எல்லோர் மனதிலும் வருவது 304. குரோமியம் 18 சதம், நிக்கல் 8 சதம், நல்ல சாமான். சிக்கல் கடையில் ஆரம்பிக்கிறது. நம் ஊர்களில் எஸ்.எஸ். பைப் விற்பது பெரும்பாலும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் கேட்டுக்கும். அங்கே பளபளவென்று அடுக்கியிருப்பதில் நிறைய 202 கிரேடு. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியது, விலையும் குறைவு. கனமும் 1.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் 202, 304 இரண்டிலும் ஒட்டாது, அதனால் காந்தத்தை நம்பி ஏமாறாதீர்கள். கிரேடு பார்க்கிற சொட்டுத் திரவம் கிடைக்கிறது, பில்லிலும் கிரேடு எழுதி வாங்குங்கள். உப்பு லோடு அடிக்கிற வண்டிக்கு 202 போடுவது காசைக் கரைப்பது.

லாரி எக்ஸாஸ்டுக்கு என்றே உகந்தது 409. குரோமியம் 11 சதம் அளவுக்குத்தான். மேலே லேசாகப் பழுப்பேறும், ஆனால் உள்ளே எளிதில் போகாது. காந்தம் ஒட்டும், அதைப் பார்த்துவிட்டு “இது எஸ்.எஸ்.ஸே இல்லை” என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. உலகம் முழுக்க கார், லாரி கம்பெனிகள் எக்ஸாஸ்டுக்குப் போடுவது பெரும்பாலும் இந்த வகைதான். பக்கத்திலேயே சேலம் உருக்காலை எஸ்.எஸ். தகடு உருட்டுகிறது, ஆனாலும் 409 பைப்பாகச் சில்லறையில் 20 அடி வாங்க அலைய வேண்டியிருக்கிறது. கிடைத்தால் விடாதீர்கள்.

எம்.எஸ். பைப்பில் நான் சொல்வது 2 மில்லிமீட்டர், அதாவது 14 கேஜ். அதைவிட மெல்லிய 16 கேஜ் எடுத்தால் எடை குறைந்து காசு மிச்சம்தான், ஆனால் உப்புக்கும் கல்லடிக்கும் நிற்காது. 3 இஞ்ச் பைப்பில் 2 மில்லி கனத்துக்கு மீட்டருக்கு 3.7 கிலோ வரும். நடு பைப்பும் வால் பைப்பும் சேர்ந்து 4 மீட்டர் என்று வைத்தால் மொத்தமே 15 கிலோ இரும்பு. 304 விலை கிலோவுக்கு மூன்று, நாலு மடங்கு இருக்கட்டும், பதினைந்து கிலோவில் அந்த வித்தியாசம் சில ஆயிரம். வண்டி பட்டறையில் ஒரு நாள் கூடுதலாக நின்றால் போகிற வாடகை அதைவிட அதிகம். அதனால் இரும்பின் விலையை மட்டும் வைத்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. எந்த வெல்டர் கையில் இருக்கிறார், பைப் நீளுவதற்கு எங்கே இடம் விட்டிருக்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி.

நீளுவது பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வண்டிக்கு ஆசை ஆசையாக 304-ல் முழு லைன் செய்தேன். ஆர்கான் வாயு விட்டுச் செய்கிற வெல்டிங், ஒவ்வொரு ஜாயிண்டும் மீன் செதில் அடுக்கிய மாதிரி. கசிவே வரக் கூடாது என்று, நீண்டு சுருங்கிக் கொடுக்கிற பெல்லோஸ் துண்டைத் தூக்கிவிட்டு நேராகவே வெல்டு வைத்தேன். சேஸில் மூன்று இடத்தில் இறுக்கமான கிளாம்ப். மூன்றாம் மாதம் டர்போ பக்கம், போல்ட் போட்டு இணைக்கிற ஃபிளாஞ்ச் தகட்டின் ஓரத்தில் பாதிச் சுற்று விரிசல் விட்டு வண்டி திரும்பி வந்தது. ஒட்டி அனுப்பினேன், அடுத்த மாதம் அதற்கு அரை இஞ்ச் தள்ளி விரிசல் விட்டது. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 3 மீட்டர் எம்.எஸ். பைப் 300 டிகிரி சூடேறினால் 11 மில்லிமீட்டர் நீளும். அதே நீள 304 பைப் 15 மில்லிமீட்டர் நீளும். 409 எம்.எஸ்.ஸை ஒட்டியே வரும். நான் அந்த 15 மில்லிமீட்டர் போக ஒரு வழியும் விடவில்லை. சூடேறும்போதெல்லாம் ஃபிளாஞ்சைத் தள்ளி, ஆறும்போதெல்லாம் இழுத்திருக்கிறது. அதுவும் போதாதென்று இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும், சேஸ் ஆடாது. நடுவில் மாட்டிக்கொள்வது பைப்தான். அந்த வண்டிக்காரரிடம் காசு வாங்காமல் பெல்லோஸ் சேர்த்து மாற்றிக் கொடுத்தேன். இரும்பும் வெல்டும் முதல் தரம், இருந்தும் லைன் தோற்றது.

ஆகவே பெல்லோஸ் இல்லாத லைன் வேண்டாம். டர்போ அல்லது பிரேக் வால்வை ஒட்டி, இன்ஜின் பக்கமாகவே அது வர வேண்டும். அதற்குப் பிறகு வரும் முதல் தாங்கி இறுக்கமாக இருக்கலாம், மற்றவை ரப்பரில் தொங்க வேண்டும். பெல்லோஸ் பைப்பின் எடையைச் சுமக்கக் கூடாது. அதைச் சுமக்க விட்டால் பின்னல் கம்பி பிய்ந்து ஆறு மாதத்தில் வாய் திறக்கும்.

எந்த வெல்டிங், எந்த வளைவு

எல்லாப் பட்டறையிலும் இருப்பது ராடு வெல்டிங். 2.5 மில்லி 6013 ராடு, கை பழகியவர் பிடித்தால் 2 மில்லி எம்.எஸ். பைப்பைத் தாராளமாக ஒட்டலாம். 16 கேஜ் பைப்பில் கொஞ்சம் நிதானம் தவறினால் ஓட்டை விழும், ஓட்டையை அடைக்கப் போய் உள்ளே கட்டி தொங்கும். கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டுச் செய்கிற சி.ஓ.டூ வெல்டிங் இந்த வேலைக்கு என்றே வந்த மாதிரி. 0.8 மில்லி கம்பி, வேகம், சுற்றிலும் ஒரே சீர். எம்.எஸ். லைனுக்கு என் முதல் தேர்வு அதுதான். பழைய ஆட்கள் கேஸ் வெல்டிங்கில் பித்தளை வைத்து ஒட்டுவார்கள். வால் பைப்புக்குத் தாங்கும், டர்போ பக்கம் அந்தச் சூட்டுக்கு வேண்டாம்.

எஸ்.எஸ். என்றால் ஆர்கான். எஸ்.எஸ். சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, 304-ல் எம்.எஸ்.ஸின் மூன்றில் ஒரு பங்குதான். வெல்டு வைத்த இடத்திலேயே சூடு தேங்கிப் பைப் கோணும். வெளியே அழகாக இருக்கிற வெல்டின் உள்பக்கத்தைப் பார்த்தால் கருகின சர்க்கரை மாதிரி பொரிந்திருக்கும், பைப்புக்குள்ளும் ஆர்கான் விடாவிட்டால். துரு அங்கேதான் முதலில் குடியேறும். இரண்டு பக்கமும் துணி அடைத்து, உள்ளே ஆர்கான் ஓடவிட்டு வெல்டு வைக்கிறவரா என்று கேளுங்கள். “அதெல்லாம் எதுக்குங்க” என்றால் அவரிடம் எம்.எஸ். வேலை மட்டும் கொடுங்கள். எஸ்.எஸ். பைப்பை எம்.எஸ். ஃபிளாஞ்சில் ஒட்டுகிறீர்கள் என்றால் 309 கிரேடு ஃபில்லர் கம்பி வேண்டும்.

வளைவுக்குப் பழைய முறை பைப்பில் காய்ந்த மணலை இறுக்கி அடைத்து, சூடாக்கி வளைப்பது. மணலில் ஈரம் இருந்தால் நீராவி கட்டி அடைப்பு பீரங்கி மாதிரி பறக்கும். தெரியாதவர்கள் செய்யக் கூடாத வேலை. கையால் அமுக்குகிற பெண்டிங் மிஷினில் உள்வட்டம் நசுங்கும். 3 இஞ்ச் பைப்பின் விட்டம் ஒரு இடத்தில் 2½ இஞ்சாகக் குறைந்தால் காற்று போகும் வழியில் 30 சதம் போய்விடுகிறது. அதனால் கடையில் கிடைக்கிற எல்போ என்கிற வளைந்த துண்டை வாங்கி, வேண்டிய கோணத்துக்கு அறுத்து நேர்ப் பைப்போடு ஒட்டுவதே என் வழி. வெல்டு எண்ணிக்கை கூடும், ஆனால் விட்டம் எங்கும் குறையாது.

அந்த வண்டிக்கு என்ன செய்தோம்

டர்போவிலிருந்து பிரேக் வால்வு வரை இருந்த ஒரிஜினல் துண்டு நன்றாகவே இருந்தது. கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து விரிசல் இல்லை என்று உறுதி செய்து, கேஸ்கெட் மட்டும் மாற்றினோம். சைலன்சர் மார்க்கெட் சாமான். நடு பைப்பும் வால் பைப்பும் 2 மில்லி எம்.எஸ்., சி.ஓ.டூ வெல்டிங். எஸ்.எஸ். கேட்டவருக்கு எம்.எஸ். ஏன்? மூன்று, நாலு வருடம்தான் ஓட்டப் போகிறார். 409 அந்த வாரம் கிடைக்கவில்லை. கூடவே, ஒரே நீளமாக ஒட்டாமல் மூன்று இடத்தில் ஃபிளாஞ்ச் வைத்தோம். உப்புத் தண்ணீர் முதலில் தின்னப் போவது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வால் பைப்பை. அது போனால் நாலு போல்ட்டைக் கழற்றி அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம், அரை நாள் வேலை. பத்து வருடம் ஓட்டப் போகிறவர் என்றால் இரண்டு நாள் காத்திருந்தாவது 409 வாங்கியிருப்பேன்.

வேலை ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்றி வைத்தோம், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் டயோடு போகும். எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கிற பைப்பிலேயே பிடித்தோம். பிரேக் ஏர் லைன் நைலான் டியூப், ஒரு பொறி போதும். ஈரச் சாக்கு சுற்றினோம். பைப்பை வண்டியில் வைத்து, செங்கல்லும் மரத்துண்டும் அண்டைகொடுத்து, ஒவ்வொரு ஜாயிண்டிலும் மூன்று பொட்டு வெல்டு மட்டும் அடித்தோம். முழு வெல்டு வண்டியில் வைக்கவில்லை. பொட்டு அடித்த நிலையில் பேட்டரியை மாட்டி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி அணைத்து, அது ஆடுகிற ஆட்டத்துக்குப் பைப் எங்கும் இடிக்கிறதா என்று கையில் டார்ச்சோடு பார்த்தேன். கூடுதல் டேங்கிலிருந்து வருகிற டீசல் ஹோஸ் ரொம்ப நெருங்கியிருந்தது. விதிப்படி எக்ஸாஸ்ட் பைப்புக்கும் எரிபொருள் லைனுக்கும் குறைந்தது 35 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஹோஸை மாற்றுப் பாதையில் திருப்பி ஒரு கை அகலம் விட்டோம், நடுவில் ஒரு தகடும் வைத்தோம். அப்புறம் இறக்கி, மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றி வெல்டு வைத்தோம். ஆறியதும் வெல்டுகளைத் தேய்த்து, சூடு தாங்கும் அலுமினியப் பெயிண்ட் இரண்டு கோட்டு.

கசிவு பார்க்க, இன்ஜினை ஓடவிட்டு, வால் பைப் வாயைத் துணியால் லேசாக மறைத்துப் பிடித்து ஒவ்வொரு ஜாயிண்டிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். சைலன்சர் முன் ஃபிளாஞ்சில் மட்டும் நுரை கட்டியது. அதை இறுக்கியதும் நின்றது.

முதல் 500 கிலோமீட்டரில் கேஸ்கெட் அமுங்கும், வந்து இறுக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். தூத்துக்குடி போய்த் திரும்புகிற வழியில் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். மேலே உப்பு மூட்டை, தார்ப்பாய் ஓரத்தில் வெள்ளைப் பொடி. பன்னிரண்டு போல்ட்டில் ஏழு கால் சுற்று ஏறியது. ரப்பர் ஹேங்கரைக் கையால் ஆட்டிப் பார்த்தேன், பைப் ஒரு இஞ்ச் போய் வந்தது. எதிலும் இடிக்கவில்லை.